நூலகச் சுவரின் ஏழாவது ஆள்

கல்லூரியில் எல்லோருக்கும் அவள் தண்ணியக்காதான். பணிப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள். காலை ஆறு மணிக்கு ரப்பர் குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசல் புல்தரையில் ஆரம்பிப்பாள். குழாய் எட்டுகிற மட்டும் நனைத்து, கழற்றி, அடுத்த வால்வில் மாட்டி, இப்படியே நகர்ந்து நகர்ந்து, முதல் மணி அடிக்கிற நேரத்துக்கு நூலகத்தின் முன்னால் வந்து நிற்பாள். தூறல் நாளிலும் குழாயும் கையுமாக நிற்பவளைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பார்கள். மழையை நம்பினால் என் வேலை போய்விடும் என்று அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

நூலக வாசலுக்கு இடதுபுறம் முப்பதடி நீளத்துக்கு ஒரு சிமெண்ட் சுவர். அதில் பதினொரு பேர் ஆளுயரத்துக்குப் புடைத்து நின்றார்கள். சாந்துச் சட்டி சுமக்கிற பெண், தூக்குக்குண்டு பிடித்த கொத்தனார், செங்கல்லைக் கைமாற்றிவிடுகிற இரண்டு பேர், ஏணியில் பாதி ஏறிய ஒருவன். இடமிருந்து ஏழாவது ஆள் குந்தி உட்கார்ந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்களெல்லாம் வேலையைப் பார்க்க, அவன் மட்டும் முகத்தை நிமிர்த்தி, எதிரில் நிற்பவரைப் பார்த்தான். அவன் தண்ணியக்காவின் வீட்டுக்காரன் என்று கல்லூரி முழுக்கச் சொன்னார்கள். இருபத்தைந்து வருடமாக அவளும் மறுத்துச் சொல்லவில்லை.

அந்த நூலகம் எழும்பும்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவள் புருஷன் அங்கே கம்பி கட்டுகிற வேலையில் இருந்தான். மூன்றாம் மாடித் தளம் போட்டு முடித்து நாலாவது மாடிக்குத் தூண் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு சாரத்துப் பலகை ஒன்று புரண்டது. அவன் கையில் பிடித்திருந்த, கம்பி முறுக்குகிற கொக்கியை விடாமலே கீழே வந்து விழுந்தான். மகளுக்கு அப்போது எட்டு மாதம். கட்டட வேலைக்காரர்களுக்குப் போட்டிருந்த தகரக் கொட்டகையில் குழந்தைக்குத் துணி அலசிக்கொண்டிருந்தவளிடம், ஓடி வந்த ஆளுக்கு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னான். அவளும் எதற்கு என்று கேட்காமல் ஈரக்கையோடு போனாள்.

கல்லூரி நிர்வாகம் அவளுக்குத் தோட்ட வேலை கொடுத்தது. பின்பக்கத்தில் ஒரு அறையும் கொடுத்தது. கட்டடம் முடிகிற சமயத்தில் முகப்புச் சுவரில் ஏதாவது சிற்பம் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. விளக்கு, திறந்த புத்தகம், பறக்கிற பறவை என்று நிர்வாகக் குழு ஒரு பட்டியல் வைத்திருந்தது. கல்லூரியின் ஓவிய வாத்தியார்தான் அதை மாற்றினார். ஒல்லியான மனுஷன்; இழுப்பு நோய் உண்டு; நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குவார். புத்தகம் உள்ளேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறது, வெளியிலும் எதற்கு, கட்டினவர்களை வைப்போம் என்று அவர் சொன்னாராம். குழுவில் பாதிப்பேருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இறந்துபோனவனும் அதில் இருப்பான் என்று அவர் சேர்த்துச் சொன்னதும் எதிர்த்துப் பேச யாருக்கும் முகம் இல்லை.

மற்றப் பத்துப் பேரையும் அவர் நேரில் உட்காரவைத்து வரைந்துகொண்டார். ஏழாவது ஆளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவனுடைய ஒரே புகைப்படம் வேலை அட்டையில் ஒட்டியிருந்தது. விபத்து விசாரணைக்கென்று அதை வாங்கிக்கொண்டு போனார்கள். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போய், கடைசியில் எங்கே போனது என்று கேட்டால் பதில் சொல்லக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

அதனால் ஓவிய வாத்தியார் அவளைக் கூப்பிட்டார். நீங்கள் சொல்லச் சொல்ல நான் களிமண்ணில் பிடிக்கிறேன், அதை வைத்து அச்செடுத்து சிமெண்டில் வார்த்துவிடலாம் என்றார். தண்ணீர் பாய்ச்சி முடித்த மதியங்களில் அவள் நூலகத்தின் பின்னாலிருந்த கொட்டகைக்குப் போய், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்காருவாள். குழந்தை மடியில் தூங்கும்.

"மூக்கு எப்படிம்மா இருக்கும்?" என்றார் முதல் நாள்.

"மூக்கு மூக்கு மாதிரிதான் சார் இருக்கும்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். புருஷன் போனபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அப்புறம்தான் அவளுக்குப் பயம் வந்தது. புருஷனுடைய மூக்கு எப்படி இருந்தது? இரண்டரை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்கு அது தெரியவில்லை. அவர் வாசலுக்கு வருகிற செருப்புச் சத்தம் தெரியும். துருவும் வியர்வையும் கலந்த சட்டை வாடை தெரியும். கோபம் வந்தால் பேசாமல் தண்ணீர் குடிப்பது தெரியும். முகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல் என்றால் எங்கிருந்து சொல்வது? முகத்தை அப்படியா பார்த்தாள்?

அதனால் அவள் ஊரார் முகங்களிலிருந்து கடன் வாங்கிச் சொன்னாள். கண் எங்கள் சின்ன மாமாவுக்கு இருக்கிற மாதிரி. தாடை நம் கேண்டீன்காரர் மாதிரி, ஆனால் இவ்வளவு சதை கிடையாது. நெற்றி, வேதியியல் ஆய்வக உதவியாளர் நெற்றி. வாத்தியார் அவள் சொன்ன ஆட்களைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் ஏன் தன் தாடையையே முறைக்கிறார் என்று தெரியாமல் கேண்டீன்காரர் ஒரு வாரம் தினமும் முகச்சவரம் செய்துகொண்டு வந்தார். பிடித்த முகத்தை அவள் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் களிமண்ணை அமுக்கி உருட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். பதினான்கு முகம் இப்படிப் போயிற்று.

பதினைந்தாவது முகத்தை அவர் ஈரத்துணியை விலக்கிக் காட்டிய மதியம், அவருக்கு இழுப்பு மோசமாக இருந்தது. சுவரில் கையை ஊன்றி நின்றார். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. திறப்பு விழாவுக்கு மூன்று வாரம்தான் பாக்கி. அவள் களிமண்ணைப் பார்த்தாள். நல்ல முகம். கனிவான முகம். அவள் புருஷன் இல்லை.

"இவருதான் சார்," என்றாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா," என்றார். அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

திறப்பு விழாவில் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் அவள் பக்கம் கை காட்டிப் பேசினார்கள். திரை விலகியதும் அவள் அழுதாள். பார்த்தவர்கள் கண்ணையும் அது நனைத்தது. புருஷனைப் பார்த்ததும் தாங்கவில்லை பாவம் என்றார்கள். அவர் அங்கே இல்லையே என்றுதான் அவள் அழுதாள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

சுவர் அதன்பாட்டுக்கு இருந்தது. மாணவர்கள் அதற்குத் தங்கள் வழியில் உறவு கொண்டாடினார்கள். ஏணிக்காரனுக்கு 'அரியர்' என்று பெயர் வைத்தார்கள், எத்தனை வருடமானாலும் மேலே போகமாட்டான் என்பதால். சாந்துச் சட்டியில் காலித் தேநீர்க் கோப்பைகளை அடுக்கினார்கள். தேர்தல் சமயத்தில் சுவரொட்டி ஒட்டிக் கிழித்தார்கள். ஒரு வருடம் கொத்தனாரின் தூக்குக்குண்டு உடைந்து காணாமல் போயிற்று. இன்னொரு வருடம் பக்கத்து மரத்தின் வேர் முட்டி அடியில் விரிசல் விட்டது; அதை அடைத்த சாந்தின் நிறம் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஏழாவது ஆளிடம் மட்டும் யாரும் விளையாட்டுக் காட்டமாட்டார்கள். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள் யாராவது கையை வைத்தால், பழைய பிள்ளைகள் தண்ணியக்கா பக்கம் கண்ணைக் காட்டித் தடுத்துவிடுவார்கள்.

மகள் நடக்கப் பழகியதே அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் ஓடிப்போய் ஏழாவது ஆளின் முழங்காலைக் கட்டிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் போட்டியில் வாங்கின சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மருந்தாளுநர் படிப்பில் இடம் கிடைத்த கடிதம் எல்லாம் முதலில் அங்கே போய்விட்டுத்தான் அம்மாவிடம் வரும். ஒருநாள், பதினோரு வயதிருக்கும், அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து அரைமணி நேரம் முறையிட்டாள். தண்ணியக்கா தூரத்திலிருந்து குழாயைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற முழங்காலை எந்த வாயால் இல்லையென்று சொல்வது?

அதற்குள் அவளுக்குள்ளேயே இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. முதல் சில வருடம் கண்ணை மூடினால் புருஷன் முகம் வரும். சுவரிலிருக்கிறவன் வேறு, இவர் வேறு என்று பளிச்சென்று தெரியும். பிறகு இரண்டும் மாறிமாறி வந்தன. பிறகு எப்போது என்று தெரியவில்லை, நினைக்கப் போனாலே சிமெண்ட் முகம்தான் வந்து நின்றது. ஒரு தடவை கனவில் அவர் வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தபோது முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ரோஜாப் பாத்தியில் தண்ணீரைத் திறந்துவிட்டு மறந்துபோய், பாதை வரைக்கும் சேறாக்கிவிட்டாள்.

நூலகத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்ததைக் கொண்டாட ஏற்பாடு நடந்தது. மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள், மருமகன் நல்லவன், கையில் நாலு மாதக் குழந்தை. நூலகர் அம்மா பழைய படங்கள் தேடி எல்லோருக்கும் எழுதிப்போட்டிருந்தார். அந்தக் கட்டடத்தை மேற்பார்த்த மேஸ்திரிக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது. எழுபது தாண்டிய அந்த மனுஷன் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருநாள் வந்து இறங்கினார். டப்பாவுக்குள் படங்கள். அதில் ஒன்று மூன்றாம் மாடித் தளம் போட்டு முடித்த அன்றைக்கு எடுத்தது. இருபத்துநாலு பேர், நின்றவர்கள் இரண்டு வரிசை, குந்தியவர்கள் ஒரு வரிசை.

நூலகர் அவளை உள்ளே கூப்பிட்டார். "அக்கா, இதுல உங்க வீட்டுக்காரர் இருக்காராம். எங்க இருக்கார்னு காட்டுங்க."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குக் கிட்டப் போனாள்.  முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். பின்வரிசையில் ஒருவன், அகன்ற நெற்றி, நல்ல தாடை. அவள் விரலை வைத்தாள்.

மேஸ்திரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "அது தச்சு வேலைக்கு வந்த ஆள், தங்கச்சி. உன் வீட்டுக்காரன் இதோ. முன்னாடி குந்தியிருக்கானே."

சின்ன முகம். விரிந்த காதுகள். வெயிலுக்கு ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயதுகூட இருக்காது. அவள் மகளைவிடச் சின்னவன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே ஏதாவது அசையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் அசையவில்லை. பேருந்தில் எதிர் இருக்கையில் உட்கார்ந்த யாரோ ஒரு பையனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஆமா, இவருதான். கண்ணாடி போடாம வந்துட்டேன்," என்றாள். நூலகர் நம்பினார். மேஸ்திரி டப்பாவை மூடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

படத்தின் பிரதி ஒன்றைப் பெரிதாக்கி அவளுக்குக் கொடுத்தார்கள். விஷயம் கல்லூரி முதல்வர் அம்மா வரைக்கும் போயிற்று. உண்மையான படம் கிடைத்திருக்கிறது. அதன்படி ஏழாவது ஆளின் முகத்தைத் திருத்திவிடலாமே, விழாவுக்கும் பொருத்தமாக இருக்கும், புதிதாக ஒரு சிற்பியைப் பார்த்துப் பேசியிருக்கிறோம், உங்களுக்குச் சம்மதம்தானே என்று முதல்வர் அவளைக் கூப்பிட்டு அன்பாகவே கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் வந்துவிட்டாள்.

முதலில் ஓவிய வாத்தியாரைப் பார்க்கப் போனாள். ஓய்வு பெற்று, தங்கை குடும்பத்தோடு ஒரு மாடி வீட்டில் இருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"காது," என்றார். "காதைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலியேம்மா."

"எனக்கே நினைப்பு இல்லாம போச்சு சார்."

 உள்ளே தங்கை பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. தண்ணியக்காதான் மறுபடி பேசினாள்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன் சார். உங்க கையைப் பாத்தேன், மனசு கேக்கல."

"தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"நிஜமாவே அவரா இருந்திருந்தா, நீங்க தொட்டிருப்பீங்க." மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "எனக்கும் முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. இன்னொரு தடவை கேட்டிருக்கணும். கேக்கல. உங்க பொய்யை நான் இறுக்கிப் பிடிச்சிக்கிட்டேன்."

முகத்தை மாற்றுவதில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றார். அவள் கிளம்பும்போது வாசல்வரை வர முயன்று, முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் விழாவுக்காக நாலு நாள் முன்னதாகவே குழந்தையோடு வந்திருந்தாள். அன்று சாயங்காலம் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். களிமண், பதினான்கு முகம், கேண்டீன்காரர் தாடை, வாளியில் உட்கார்ந்து சொன்ன பொய், எதையும் விடவில்லை. மகள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அப்ப நான் யாருகிட்டம்மா மார்க் ஷீட்டைக் காட்டிக்கிட்டு நின்னேன்?"

அம்மா படத்தை நீட்டினாள். மகள் வாங்கிப் பார்த்தாள். அவளும் ஏதாவது அசையும் என்று காத்திருக்கிறாள் என்பது தாய்க்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மகள் படத்தைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"கோவிச்சுக்காதே. இவரு யாரோ மாதிரி இருக்காரு. எனக்கு அப்பா அங்க இருக்கறவருதான்."

சொல்லிவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நூலகத்துப் பக்கம்தான் போகிறாள் என்று தாய்க்குத் தெரியும். பின்னாலேயே போகவில்லை. கவிழ்ந்து கிடந்த படத்தையும் உடனே நிமிர்த்தவில்லை.

மறுநாள் முதல்வர் அறைக்குப் போனாள். நின்றுகொண்டேதான் பேசினாள்.

"அந்த முகத்தை அப்படியே விட்டுடுங்கம்மா. அது என் பொண்ணோட அப்பா. படத்துல இருக்கறவரு என் வீட்டுக்காரர். ரெண்டு பேரும் இருந்துட்டுப் போகட்டும்."

முதல்வருக்கு அது முழுக்கப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் சுவரில் யாரும் கை வைக்கவில்லை. விழா நடந்தது, பேசினார்கள், கை தட்டினார்கள். மகள் ஊருக்குத் திரும்பினாள். முன்பு தினமும் பேசுகிறவள், பிறகு இரண்டு நாளைக்கொரு தடவை, மூன்று நாளைக்கொரு தடவை என்று பேசினாள். கோபமா என்று கேட்டால், இல்லையம்மா, குழந்தை படுத்துகிறது என்பாள்.

தண்ணியக்கா படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அடுப்பு மேடைக்கு எதிரே ஆணி அடித்து மாட்டினாள். தினமும் தேநீர் கொதிக்கிற நேரத்தில் அவனைப் பார்த்தாள். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் மாதிரி ஒருநாள் காது, ஒருநாள் புருவம் என்று மனப்பாடம் செய்தாள். வெளியே போய்க் கண்ணை மூடினால் அவ்வளவும் கலைந்து சிமெண்ட் வந்து நிற்கும். இப்படி ஒன்றரை மாதம் போயிற்று. உன்னை நான் இரண்டாம் தடவையும் தொலைத்துவிட்டேன் என்று ஒரு காலையில் படத்தைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்துக் கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும்போது, முகத்தை விட்டுவிட்டுக் கீழே பார்த்தாள். குந்தியிருந்தவனின் காற்சட்டை ஒரு காலில் மட்டும் முழங்கால்வரை சுருட்டியிருந்தது. இடது கால். அந்த நாட்களில் கட்டுக்கம்பி முனை குத்தி, முழங்காலுக்குக் கீழே கிழித்திருந்தது. துணி உராய்ந்தால் எரிகிறது என்று பத்து நாள் அப்படித்தான் சுருட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு கால் பெரிய மனுஷன், ஒரு கால் பள்ளிக்கூடப் பையன் என்று அவள் கேலி செய்தாள். சாயங்காலம் மருந்து வைக்கும்போது கால்விரலை மடக்கிக்கொள்வார். மெதுவா, மெதுவா என்பார். அந்தக் குரல் கேட்டது. அந்தக் குரல் வந்த இடத்தில் முகமும் இருந்தது, விரிந்த காதும் இடுக்கிய கண்ணுமாக, ஒரு மூச்சு நேரத்துக்கு.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரக்கையோடு போன அன்றைக்கு அழுதிருக்க வேண்டிய அழுகை அது. கைக்குழந்தை இருந்தது, கொட்டகையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அன்று அழ முடியவில்லை. இன்று யாரும் இல்லை. பால் பொங்கி அடுப்பை அணைத்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு மகளைப் போனில் கூப்பிட்டாள். இதை அவளிடம் சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. மகள் எடுத்தாள். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. என்னம்மா, இந்த நேரத்தில் என்று அவசரமாகக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் தண்ணியக்கா. "சாப்பிட்டியா?"

இனிமேல்தான் என்றாள் மகள். சரி, குழந்தையைப் பார் என்று சொல்லிவிட்டு இவள் போனை வைத்தாள்.